காப்பீட்டுப் படிவம் எழுதுவோர்

எழுதப் படிக்க அறியாதார்க்குப் பிறர் எழுதிக் கொடுத்தல் நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், வெட்டப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்கள் யாவரும் அறிந்தவை. ஊர்ச்சபையார் பணிக்கத் தான் எழுதியதாக அவ்வூர் மத்தியஸ்தன் தன் பெயரையும் சொல்லி அவற்றை முடிக்கின்றான். வரலாற்று வகுப்பினர் அக்கல்வெட்டுக்களில் தேர்தல் முறையையே பெரிதும் நோக்குவர். தமிழ் மாணவனாகிய எனக்கோ அவ்வீற்று வரியின்மேல் ஒரு தனிப்பற்று. எழுதியவன் யார் என்பது தெரிந்தால், எழுதியது பிழையாயின் எவனைக் கேட்பது என்பதும் தெரியுமன்றோ?

இம்முறை இன்றும் ஒரு துறையில் நின்று நிலவுகின்றது. மனை ஒன்றை வாங்கிப் பதிவு அலுவலகத்துக்குச் செல்வோர், பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அதனை எழுதியவர் பெயரையும் கையொப்பத்தையும் காண்பர். தமிழ்நாட்டில் பத்திர எழுத்தர்க்கு உரிமம் வழங்குதற்கென்றே 1982ஆம் ஆண்டின் உரிம விதிகள் உள்ளன. ஐந்து சென்ட் நிலத்துக்கு இத்துணைக் காவல் அமைத்த நாம், ஒருவர் நோயுற்று வீழ்ந்த நாளில் அவர் குடும்பத்தைக் கடனினின்று காக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தை எழுதுவோர் திறத்தில் எத்தகைய காவல் அமைத்திருக்கின்றோம் என்பதே இக்கட்டுரையில் ஆராயற்பாலது.

அருப்புக்கோட்டையை அடுத்த எங்கள் பாளையம்பட்டியிலும், அதற்குத் தெற்கும் கிழக்குமாகத் திருச்சுழிப் பக்கம் பரந்து கிடக்கும் மானாவாரிக் காட்டிலும், தறியையும் வானத்தையும் நம்பி வாழ்வோர் பலர். மழை பொய்த்தால் ஓராண்டு போகும். நெஞ்சு வலி வந்தால் பத்தாண்டுச் சேமிப்புப் போகும். இத்தகையோரைக் காப்பீட்டில் சேர்க்க வருபவர் மூவகையினர். முதல்வர், தரகுத்தொகை பெறும் முகவர். ஊரார் ஏஜெண்டு என்பர். இரண்டாமவர், இ-சேவை மையத்திலும் முகாமிலும் அமர்ந்து கணிப்பொறியில் பதிவு செய்பவர். மூன்றாமவர், கூலி பெறாது எழுதிக் கொடுக்கும் அண்டை வீட்டார்; பெரும்பாலும் கல்லூரியிற் படிக்கும் மகனோ மகளோ. சட்டம் முதல்வரை நன்கு அறியும். இரண்டாமவரை ஒருவாறு அறியும். மூன்றாமவரை அறியவே அறியாது.

இனி, படிவம் எழுதுவதில் அப்படி என்ன தீங்கு நேரக்கூடும் என்று வினவலாம். தனியார் காப்பீட்டுப் படிவத்தில் பெயர், வயது, முகவரி ஆகியவற்றின் பின்னே ஒரு வினாத்தொகுதி வரும். சர்க்கரை நோய் உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? முன்னர் அறுவைச் சிகிச்சை நடந்ததா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். தறி நெய்யும் ஒருவர்க்கு நான்கு ஆண்டாகச் சர்க்கரை நோய் இருக்கின்றது எனக் கொள்வோம். அவர் அதனை மறைக்கவில்லை. வாயாற் சொல்லியும் விடுகின்றார். எழுதுபவரோ, “அண்ணாச்சி, அதை எழுதினால் கம்பெனியார் தூண்டித் துருவிக் கேட்பார்கள்; ‘இல்லை’ என்றே போட்டுவிடுவோம்,” என்கின்றார். அண்ணாச்சி தலையசைத்துக் கையொப்பம் இடுகின்றார். மூன்றாம் ஆண்டிலே சிறுநீரகம் கெடுகின்றது. மருத்துவமனைச் சீட்டில் பழைய நோய் வெளிப்படுகின்றது. உண்மையை மறைத்தீர் என்று கம்பெனி பணம் தர மறுக்கின்றது. மறைத்தவர் யார்?

இவ்வினாவுக்கு இங்கிலாந்து நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரு விடைகளைத் தந்துள்ளது. இரண்டும் விபத்துக் காப்பீடு போன்ற பிற வகைக் காப்பீட்டைப் பற்றியனவாயினும், மருத்துவக் காப்பீட்டுக்கும் பொருந்துவன. முதலாவது, 1892ஆம் ஆண்டின் பாடன் வழக்கு. பாடன் தம் பெயரை எழுத மட்டுமே அறிந்தவர். ஏற்கெனவே ஒரு கண் இழந்தவர். அவரிடம் வந்த முகவர் அதனைத் தம் கண்ணாற் கண்டும், உடற்குறை ஏதும் இல்லை என அச்சிட்டிருந்த படிவத்தில் அவர் கையொப்பத்தை வாங்கிச் சென்றார். பின்னர் ஒரு விபத்தில் மற்றொரு கண்ணும் போயிற்று. கம்பெனி மறுத்தது. நீதிமன்றமோ, முகவர் அறிந்தது கம்பெனி அறிந்ததே ஆகும் எனக் கொண்டு பாடன் சார்பில் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, 1929ஆம் ஆண்டின் நியூசோம் சகோதரர் வழக்கு. மோட்டார் வண்டிக் காப்பீட்டுக்காக முகவரிடம் உண்மை உள்ளவாறே சொல்லப்பட்டது, அவர் படிவத்தில் வேறாக எழுதினார், உரியவர் ஒப்பமிட்டார். இம்முறை நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே சாய்ந்தது. படிவத்தை நிரப்பும் அந்நேரத்தில் முகவர் கம்பெனியின் ஆள் அல்லர், விண்ணப்பிப்பவருடைய எழுத்துக் கூலியாளே ஆவர். தம் பெயரால் எழுதப்பட்டதைப் படியாமல் ஒப்பமிட்டவர் அதன் பயனையும் ஏற்றே ஆகவேண்டும் என்பது அதன் கருத்து. கம்பெனியிடம் தரகு பெறுபவர், பேனா கையிலிருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் நம் ஆளாகிவிடுகின்றார்! சட்ட நுட்பம் அறியாத எனக்கு இத்தீர்ப்பினும் முந்தையதே அறத்தோடு இயைந்ததாகப் படுகின்றது. எனினும், படித்தறிய வல்ல வணிகர்க்கு இரண்டாவது தீர்ப்புப் பொருந்தாது என்றும் சொல்லிவிட இயலாது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, ஒப்பமிட்டவர் தாம் ஒப்பமிட்டதைப் படிக்க இயன்றவரா என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

நம் உச்சநீதிமன்றமும் உண்மை கூறும் கடமையைக் கடுமையாகவே வற்புறுத்தியுள்ளது. சத்வந்த் கௌர் சந்து என்பார் வழக்கில், 2009ஆம் ஆண்டு, சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் படிவத்திற் சொல்லப்படாமையால் மருத்துவக் காப்பீட்டுத் தொகையை மறுத்தது சரியே என அது தீர்ப்பளித்தது. முகவரை நம்பிப் பணம் கொடுத்தலிலும் இத்தகைய இடர் உண்டு. ஹர்ஷத் ஷா என்பார் வழக்கில், ஆயுள் காப்பீட்டுத் தவணைக்காக முகவர் பெற்ற காசோலைத் தொகை உரிய காலத்தில் கழகத்துக்குச் சேரவில்லை; அதற்குள் உரியவர் இறந்தார். பணம் பெற முகவர்க்கு விதிகளில் அதிகாரம் இல்லை, ஆதலின் கழகம் பொறுப்பன்று என 1997இல் முடிவாயிற்று. ‘பணம் பெற அதிகாரம் இல்லை’ என்னும் விதி புத்தகத்தில் இருந்தது. பணம் கொடுத்தவர் கையில் அப்புத்தகம் இல்லை.

நிற்க. முதல்வகையினராகிய முகவரை அரசு எவ்வாறு ஆள்கின்றது என்பதைக் காண்போம். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 1939 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்றவரே முகவராகலாம் என்பதும், கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்று ஆகிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றோர் ஆகலாகாது என்பதும், தமக்குரிய தரகில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுத்து ஆள் பிடித்தல் கூடாது என்பதும் அதன் ஏற்பாடுகள். அக்காலத்தில் மருத்துவக் காப்பீடு இங்கே பெயரளவிலும் பரவியதில்லை. பொதுத்துறைக் கம்பெனிகள் நான்கும் ‘மெடிக்ளெய்ம்’ என்னும் திட்டத்தை 1986இல் கொண்டுவந்த பின்னரே அது நகரத்தாரிடம் பழகிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தபின், முகவராக விரும்புவோர் 100 மணி நேரம் பயின்று தேர்வும் எழுதவேண்டும் என 2000ஆம் ஆண்டு விதிகள் கூறின.

2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெருமாறுதல் ஒன்று நேர்ந்தது. அரசு உரிமம் வழங்கும் முறை நீங்கி, கம்பெனியே முகவரை நியமிக்கும் முறை வந்தது. ஒருவர் ஓர் ஆயுள் கம்பெனிக்கும், ஒரு பொதுக் கம்பெனிக்கும், ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் முகவராகலாம். தகுதியின்றி முகவராய் நடப்பவர்க்குத் தண்டம் 10,000 ரூபாய் வரை. அத்தகையவரை அமர்த்தும் கம்பெனிக்கோ ஒரு கோடி ரூபாய் வரை என அத்திருத்தம் வகுத்தது. காவலனை வீட்டுக்காரனே அமர்த்திக்கொள்ளட்டும், திருட்டுப் போனால் வீட்டுக்காரனைப் பிடிப்போம் என்பது போன்றதே இது. இதனை முற்றும் தவறென்று சொல்வதற்கில்லை. ஊர்தோறும் உள்ள முகவரை ஐதராபாத்தில் இருக்கும் ஆணையம் நேரே கண்காணித்தல் அரிது. சில கம்பெனிகளைக் கண்காணித்தல் எளிது. அதே 2015ஆம் ஆண்டில், எளிய திட்டங்களை மட்டும் விற்பதற்கு ‘பாயிண்ட் ஆப் சேல்ஸ்’ ஆட்கள் என ஒரு புதிய வகையினரையும் ஆணையம் அனுமதித்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 15 மணி நேரப் பயிற்சியும் தேர்வுமே அவர்க்கு விதிக்கப்பட்டன. நூறு மணி நேரம் எங்கே, பதினைந்து மணி நேரம் எங்கே!

முகவர்க்கென 2016இல் வகுக்கப்பட்ட ஒழுக்க விதிகள் படித்து மகிழத்தக்கவை. தம் அடையாள அட்டையைக் காட்டுதல், கேட்டால் தமக்குக் கிடைக்கும் தரகு இவ்வளவு எனச் சொல்லுதல், படிவத்தில் வினவும் செய்திகளின் இன்றியமையாமையை விளக்குதல், உண்மையை விட்டுவிடும்படி தூண்டாதிருத்தல், இழப்பீட்டில் பங்கு கேளாதிருத்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றில் ‘கேட்டால்’ என்னும் ஒரு சொல் என் உள்ளத்தை உறுத்துகின்றது. எங்கள் ஊரில் வீடு தேடி வந்தவரிடம், ‘உமக்கு இதில் என்ன கிடைக்கும்?’ என்று எவர் கேட்பார்? காப்பி கொடுத்தன்றோ அனுப்புவர். தனியாள் மருத்துவக் காப்பீட்டில் தரகு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படலாகாது என்றிருந்த வரம்பும் 2023இல் நீங்கி, கம்பெனியின் மொத்தச் செலவுக்கு வரம்பு கட்டும் முறை வந்துவிட்டமையின், அவ்வினா முன்னினும் இன்றியமையாததாயிற்று.

அரசே கட்டணம் செலுத்தும் திட்டங்களில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. அதன் இடத்தில் 2012 ஜனவரி 11ஆம் நாள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்து, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிப்பதாயிற்று. முதலில் 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு பின்னர் 1,20,000 ஆக உயர்ந்தது. இதில் சேர்வோரிடம் பழைய நோய் பற்றிய வினா எழுவதில்லை, கட்டணமும் இல்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் சென்றாற் போதும். ஆயினும் பெயரிற் பிழை, வயதிற் பிழை, குடும்பத்தில் ஒருவர் பெயர் விடுபடுதல் ஆகிய இடர்கள் இங்கும் உண்டு. இலவசம் என்பதை அறியாதாரிடம் ‘செலவுக்கு’ என்று கேட்டுப் பெறும் இடைத்தரகு எங்கும் தலைகாட்டக் கூடியதே.

இவ்வகைப் பதிவிலே அரசு மேற்கொண்ட நல்லதோர் ஏற்பாட்டைக் குறிப்பிடுதல் தகும். மத்திய அரசு 2008இல் தொடங்கிய ராஷ்டிரிய சுவாஸ்திய பீமா யோஜனா, வறியோர் குடும்பம் ஒன்றில் ஐவர் வரை 30,000 ரூபாய்க் காப்பளித்தது. சேர்வோர் தருவது 30 ரூபாயே. அட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கம்பெனிக்கு அரசு பணம் தந்தமையின், இல்லாத குடும்பத்துக்கும் அட்டை எழுத ஆசை பிறத்தல் இயல்பு. அதனைத் தடுக்க, முகாம்தோறும் அரசு ஊழியர் ஒருவர் அமர்ந்து, தம் சொந்த அட்டையையும் விரல் ரேகையையும் பதித்தாலன்றி எந்த அட்டையும் செல்லாது என வைத்தனர். உத்தரமேரூர் மத்தியஸ்தன் கணிப்பொறிக் காலத்தில் மீண்டும் பிறந்துவிட்டான் என்று சொல்லத் தோன்றுகின்றது.

அத்தகைய காவல் தளரும்போது நேர்வதற்கும் சான்று உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை ஆராய்ந்து இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை, 7,49,820 பேர்க்கு ஒரே கைபேசி எண் பதிவாகியிருந்ததை எடுத்துக் காட்டிற்று. அவ்வெண் பத்து ஒன்பதுகள்! கைபேசி எண்ணைக் கொண்டு எவரையும் அடையாளம் காண்பதில்லை என்று திட்டத்தை நடத்துவோர் விடை கூறினர். அஃது உண்மையே ஆகலாம். ஆயினும், வெற்றிடத்தை எப்படியாவது நிரப்பிவிட்டு அடுத்தவரை அழைக்கும் கை எத்தகையது என்பதை அந்த ஒன்பதுகள் காட்டாமற் போகவில்லை.

அங்ஙனமாயின் எழுதிக் கொடுப்போர் யாவரையும் தேர்வுக்கும் உரிமத்துக்கும் உட்படுத்திவிட்டால் என்ன? அமெரிக்க நாட்டில் அவ்வாறு முயன்று பார்த்தனர். 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், கம்பெனியிடம் ஒரு காசும் பெறாது மக்களுக்குத் திட்டங்களை விளக்கிச் சேர்க்கும் பணிக்கெனச் சிலரை ஏற்படுத்திற்று. கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியின் பெயரால் அவர்களை ‘நாவிகேட்டர்’ என்றனர். பல மாநிலங்கள் அவர்கள்மேல் தத்தம் விதிகளை ஏற்றின. மிசௌரி மாநிலம் 2013இல் இயற்றிய சட்டமோ, முகவர் உரிமம் இல்லாதவர் ஒரு திட்டத்தின் பயன்களையும் நிபந்தனைகளையும் பற்றி எவர்க்கும் ஆலோசனை கூறலாகாது என்றது. வழிகாட்டலாம், ஆனால் வழி எது என்று சொல்லலாகாது! மத்திய நீதிமன்றம் 2014 ஜனவரியில் அச்சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நாட்டுச் சட்டம் அவர்க்கு இட்ட பணியையே மாநிலச் சட்டம் தடுக்கின்றது எனக் கண்டு, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015இல் அத்தகைய பிரிவுகளைத் தடுத்தது. மக்களைக் காப்பதாகச் சொல்லி எழும் உரிமச் சட்டம், கூலி பெறாது உதவுவோர் வாயை அடைத்துத் தரகு பெறுவோர் பக்கமே மக்களைத் தள்ளிவிடவும் கூடும் என்பதற்கு இது போதிய சான்று. பாளையம்பட்டியில் தம் தாய்க்குப் படிவம் எழுதும் மாணவியிடம் உரிமம் கேட்பது நகைப்புக்கே இடமாகும்.

ஆகவே, எழுதுவோரைத் தடுப்பதனினும், எழுதியவரை மறையாமற் காட்டுவதே தக்கது என்பது என் துணிபு. இதற்கு வேண்டிய இடம் நம் விதிகளிலேயே பாதி கட்டப்பட்டுக் கிடக்கின்றது. படிவத்தைப் பிறர் நிரப்பியிருப்பின், அதன் பொருள் தமக்கு முழுதும் விளக்கப்பட்டது என்றும் தாம் உணர்ந்துகொண்டார் என்றும் விண்ணப்பிப்பவரிடம் சான்று பெறலாம் என 2002ஆம் ஆண்டுப் பாலிசிதாரர் நல விதிகள் கூறின. சான்று தருபவர் யார் என்பதைக் கவனிக்க: விளக்கியவர் அல்லர், விளக்கப்பட்டவரே! தமக்கு எது விளக்கப்படவில்லை என்பதை அறியாதவர், எல்லாம் விளக்கப்பட்டதாக எங்ஙனம் சான்று கூறுவார்? கைநாட்டு வைப்போர் திறத்திலும், படிவத்தின் மொழி அறியாதார் திறத்திலும், விளக்கியவருடைய உறுதிமொழியையும் கேட்டுப் பெறும் படிவங்கள் உள. நன்று. ஆயின், கையொப்பம் மட்டும் இடத் தெரிந்து, ஆங்கிலப் படிவத்தில் ஒரு வரியும் படிக்க இயலாதவர் எங்கள் ஊரில் மிகப் பலர். முதியோர் கல்வி இயக்கத்தால் கையெழுத்துக் கற்ற பெருமையே அவர்களைக் கைநாட்டுக்குரிய காவலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. பாடன் அத்தகையவரே.

பத்திரத்தின் ஈற்றில் உள்ளது போல ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தின் ஈற்றிலும் ‘எழுதியவர்’ என ஒரு வரி அச்சிடப்பெறல் வேண்டும். அதில் எழுதியவர் பெயர், கூலியோ தரகோ பெற்றாரா என்பது, வினாக்களை எம்மொழியிற் படித்துக் காட்டினார் என்பது, இம்மூன்றும் இருந்தாற் போதும். தரகு பெற்றவர் எழுதியதாயின், அவர் அறிந்தது கம்பெனி அறிந்தது என்றே கொள்ளுமாறு சட்டம் செய்தல் வேண்டும். கூலி பெறாதவர் எழுதியதாயின், அவர்மேல் தண்டம் வேண்டா. வழக்கு வந்தால் நடந்ததைச் சொல்ல ஒரு சாட்சி கிடைப்பதே பெரும்பயன். இதனால் கம்பெனிக்குத் தீங்கில்லையா எனின், பொய் எழுதும் முகவரை அமர்த்தாதிருத்தல் அதன் கையிலேயே இருக்கின்றது. உதவ வருவோர் பெயர் எழுத அஞ்சிப் பின்வாங்குவரே எனின், அவ்வச்சம் சிலர்க்கு எழும் என்பதை மறுப்பதற்கில்லை. மிசௌரிச் சட்டம் விளைத்த தீங்கினும் அது சிறிது.

சட்டம் வருமுன்னரே செய்யத்தக்கன சில உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர் பலர் இவ்வாண்டும் யாருக்கேனும் படிவம் எழுதவே நேரும். முதலில் பழைய மருத்துவச் சீட்டுக்களைக் கொண்டுவரச் சொல்லி, நோய் வினாக்களை ஊர்ப் பேச்சில் ஒவ்வொன்றாகக் கேட்டு, சொன்னதை உள்ளவாறே எழுதுக. உள்ள நோயைச் சொன்னால் கேடு என்னும் எண்ணம் தவறு. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, சொல்லப்பட்ட பழைய நோய்க்குக் காத்திருக்கும் காலம் 36 மாதத்துக்கு மேற்படலாகாது; முன்னர் அது 48 மாதமாக இருந்தது. தொடர்ந்து 60 மாதம் கட்டணம் செலுத்தியபின், மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, மறைத்தார் என்று கம்பெனி மறுத்தலும் இயலாது. மேற்சொன்ன அண்ணாச்சி ‘ஆம்’ என்னும் கட்டத்தில் குறியிட்டிருந்தால், சற்று மிகுந்த கட்டணமும் மூன்று ஆண்டுப் பொறுமையுமே அவர் கொடுக்க வேண்டிய விலையாக இருந்திருக்கும்.

எழுதிய படிவத்துக்கு ஒரு பிரதி எடுத்து வீட்டிலே வைத்தல் இன்றியமையாதது. பாலிசி கைக்கு வந்தபின், 30 நாளுக்குள் அதனைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் படித்துக் காட்டுக. பொருந்தாவிடின் அந்நாளுக்குள் திருப்பிவிடலாம். கம்பெனி பின்னர் மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுதி ஒரு மாதம் காத்திருந்து, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்க்கு முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டா. முறையீட்டோடு அப்படிவத்தின் பிரதியையும், அதனை எழுதியவர் கைப்பட எழுதிய வாக்குமூலத்தையும் இணைத்து அனுப்புக.